பல் கறைக்குப் பழி பிள்ளை மேல்... குற்றம் தண்ணீர் மேல்!

தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். பல் பரிசோதனை முகாமுக்காகப் போயிருந்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் குழந்தை மட்டும் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டே நின்றது.

"கையை எடு கண்ணு... ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றேன்.

பக்கத்தில் நின்ற ஆசிரியர் குறுக்கிட்டார். "இதுங்க பல்லே வெளக்கறதில்லைங்க சார். எத்தனை தடவை சொன்னாலும் கேக்காதுங்க."

அந்தக் குழந்தை கையை எடுத்தது. மேல் முன்பற்கள் நான்கிலும், கோடு போட்ட மாதிரி, குறுக்கே பழுப்புப் பட்டை. இடது பக்கம் எப்படியோ, அப்படியே வலது பக்கமும். அங்கங்கே சின்னச் சின்னக் குழி. ஈறு சுத்தமாக இருந்தது. பல் இடுக்கில் ஒரு துணுக்கு அழுக்கு இல்லை!

"தெனமும் ரெண்டு வாட்டி வெளக்கறேன் சார்... செங்கல் பொடி கூட வெச்சுத் தேச்சுப் பாத்தேன். போகவே மாட்டேங்குது" என்றது. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

வாசகர்களே, முப்பது வருஷமாகப் பல் வைத்தியம் பார்க்கிறேன். எத்தனையோ சொத்தைப் பல்லைப் பார்த்தாகிவிட்டது. ஆனால் 'செங்கல் பொடி' என்ற அந்த ஒரு வார்த்தை இன்றைக்கும் என்னை விடவில்லை. செய்யாத குற்றத்துக்குத் தண்டனையைத் தானே கொடுத்துக்கொண்டிருந்தது அந்தக் குழந்தை. அந்தக் கறையைச் செங்கல் பொடியும் போக்காது, சாம்பலும் போக்காது. ஏனென்றால், அது பல்லின் மேல் படிந்த அழுக்கு அல்ல. பல் உருவாகும்போதே உள்ளே கலந்துவிட்ட கறை. கொண்டு வந்து கலந்தது யார்? அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து குடித்த போர்வெல் தண்ணீர்!

அந்தத் தண்ணீரில் இருக்கும் 'ஃப்ளோரைடு' பற்றித்தான் இந்தக் கட்டுரை. படித்துவிட்டுப் புரட்டிப் போய்விடாதீர்கள். கடைசியில் உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத விருந்தாளி

உப்புத் தண்ணீரை நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். கலங்கல் தண்ணீரைக் கண் காட்டிக்கொடுத்துவிடும். ஃப்ளோரைடு கலந்த தண்ணீரோ பளிங்கு மாதிரி இருக்கும். வாசனை கிடையாது, குடிக்கிற அளவில் ருசியிலும் வித்தியாசம் தெரியாது. "எங்க ஊர் போர் தண்ணி இளநீர் மாதிரி இருக்கும் சார்" என்று பெருமையாகச் சொன்னவரின் முதுகு, வில் மாதிரி வளைந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இது எங்கிருந்து வருகிறது? யாரும் கொண்டு வந்து கொட்டவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கமெல்லாம் பூமிக்குக் கீழே கடினமான பாறை. அந்தப் பாறையில் இருக்கும் சில தாதுக்களில் ஃப்ளோரைடு இயற்கையாகவே உண்டு. ஆழத்தில் வருஷக்கணக்காகப் பாறையோடு ஒட்டிக்கிடக்கும் தண்ணீர், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. மழை பெய்து ஊறிய மேல்மட்டத் தண்ணீரில் பொதுவாக இது குறைவு. ஏரி வற்றி, கிணறு வற்றி, போர் இருநூறு அடியிலிருந்து ஐந்நூறுக்கும் எண்ணூறுக்கும் இறங்க இறங்க, பல ஊர்களில் ஃப்ளோரைடும் கூடிக்கொண்டே போனது.

இதில் ஒரு சோகமான வேடிக்கை உண்டு. கிராமம் கிராமமாகக் கைப்பம்பு போட்டது எதற்கு? திறந்த கிணறு, குளத்துத் தண்ணீரால் வந்த காலரா, வயிற்றுப்போக்கு, நரம்புச் சிலந்தி போன்ற நோய்களிலிருந்து மக்களைக் காப்பாற்றத்தான். காப்பாற்றவும் செய்தது, மறுக்கவே முடியாது. நரம்புச் சிலந்தி நோய் ஒழிந்த நாடு என்று 2000-ல் இந்தியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்தது. ஆனால் கிருமி இருக்கிறதா என்று பார்த்த அளவுக்கு, ஃப்ளோரைடு இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டோம். முன்வாசலில் ஒரு திருடனை விரட்டிய நேரத்தில், கொல்லைப்புறமாக இன்னொருவன் நுழைந்துவிட்டான்.

'தெரியாமல் நடந்துவிட்டது' என்று சமாதானம் சொல்லவும் முடியாது. இந்தியாவில் இந்த நோயை மருத்துவ உலகத்துக்கு முதன்முதலில் எடுத்துச் சொன்னவர்கள் யார் தெரியுமா? சென்னை கிண்டியில் இருக்கும் கிங் இன்ஸ்டிடியூட்காரர்கள்! அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டக் கிராமங்களில், பல்லில் கறையும் முதுகெலும்பில் விறைப்புமாக இருந்தவர்களை ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் ஆராய்ந்தார்கள். 'காரணம் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு' என்று 1937-ல் எழுதினார்கள். எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது!

உடம்பில் என்ன செய்கிறது?

ஃப்ளோரைடுக்குச் சுண்ணாம்புச் சத்து என்றால் கொள்ளை ஆசை. உடம்பில் சுண்ணாம்புச் சத்து எங்கே இருக்கிறது? பல்லிலும் எலும்பிலும்! அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது.

முதலில் பல். நிரந்தரப் பற்களின் எனாமல் ஈறுக்கு உள்ளேயே உருவாகிறது. ஞானப்பல் நீங்கலாக மற்ற பற்களுக்கு அந்த வேலை ஏறக்குறைய எட்டு வயதுக்குள் முடிந்துவிடும். முன்பற்களுக்கோ முதல் மூன்று நான்கு வருஷம்தான் முக்கியம். அந்த நேரத்தில் ஃப்ளோரைடு அதிகமானால், எனாமல் சரியாக இறுகாது. பல் முளைக்கும்போதே சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளைத் திட்டு இருக்கும். போகப் போக அது மஞ்சளாகி, பழுப்பாகி, சிலருக்குக் கறுத்தும் போகும்.

அடுத்தது எலும்பு. இது மெதுவாக, பல வருஷம் எடுத்துக்கொண்டு வரும். ஆரம்பத்தில் மூட்டு வலி, முதுகு வலி, காலையில் எழுந்தால் விறைப்பு. 'வாயு' என்று தைலம் தேய்ப்போம். 'வயசாச்சு' என்று விட்டுவிடுவோம். கடைசியில் எலும்பைச் சுற்றியிருக்கும் தசைநார்களும் சுண்ணாம்பேறிக் கட்டையாகிவிடும். கழுத்தைத் திருப்ப வேண்டுமென்றால் ஆளே திரும்ப வேண்டும்! நல்ல சாப்பாடு இல்லாத பிள்ளைகளுக்கு முழங்கால்கள் உட்பக்கம் வளைந்து ஒன்றோடொன்று இடிக்கும். நல்கொண்டா பகுதியில் இதை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆராய்ச்சியாளர்கள் 1973-லேயே எழுதியிருக்கிறார்கள்.

இதோடு முடியவில்லை. டெல்லி எய்ம்ஸில் பணியாற்றிய பேராசிரியை ஏ.கே.சுசீலா, இந்த நோய்க்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர். ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளில் ஃப்ளோரைடு அதிகமாக உள்ளவர்களைக் கண்டுபிடித்து, ஃப்ளோரைடைக் குறைத்து, நல்ல சத்துணவுக்கும் வழி சொன்னபோது, ரத்தத்தின் அளவு ஏறியது, பிறந்த குழந்தைகளின் எடையும் கூடியது என்று 2010-ல் அவரது குழு எழுதியது. இரும்புச் சத்து மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஏறாத கர்ப்பிணி ஃப்ளோரைடு பகுதியில் இருந்தால், 'என்ன தண்ணி குடிக்கிறேம்மா?' என்றும் டாக்டர் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

2024-ல் அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பல நாட்டு ஆய்வுகளை அலசி, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள தண்ணீருக்கும், குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவதற்கும் தொடர்பு இருப்பதாக 'ஓரளவு நம்பிக்கையோடு' சொல்லலாம் என்றது. தொடர்பு என்பது வேறு, காரணம் என்று நிரூபணமாவது வேறு. இருந்தாலும் அலட்சியம் செய்கிற விஷயமா இது?

'அமெரிக்காவில் சேர்க்கிறார்களாமே?'

இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவில் கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற ஊரில் 1945 ஜனவரியில், குடிநீரில் கொஞ்சமாக ஃப்ளோரைடு சேர்க்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குப் பல் சொத்தை அறுபது சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது. உடனே பல ஊர்களும் பின்பற்றின. ஃப்ளோரைடு பேஸ்ட் வீட்டுக்கு வீடு வந்த பிறகு, தண்ணீரில் சேர்ப்பதால் கிடைக்கிற கூடுதல் நன்மை முன்பைவிட மிகக் குறைவு என்று 2024-ல் வெளியான காக்ரேன் ஆய்வு சொல்கிறது. அங்கே இப்போது பெரிய சண்டையே நடக்கிறது. 2025-ல் யூட்டா மாநிலம், அடுத்து ஃப்ளோரிடா மாநிலம், 'இனிமேல் சேர்க்கக்கூடாது' என்று சட்டம் போட்டுவிட்டன. கனடாவின் கால்கரி நகரமோ, 2011-ல் நிறுத்தியதை 2025-ல் மறுபடி ஆரம்பித்திருக்கிறது!

அவர்கள் சண்டை போடுவது லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் சேர்க்கலாமா, கூடாதா என்பதற்கு. நமக்கு அந்தச் சண்டையே தேவையில்லை. நம் நாட்டில் குடிநீரில் யாரும் ஃப்ளோரைடு சேர்ப்பதில்லை. இங்கே பிரச்னை, பூமியே அள்ளிக் கொடுப்பதை எப்படி எடுப்பது என்பதுதான்!

ஆனால் அங்கே கிளம்பும் புகை இங்கே வாட்ஸ்அப்பில் வந்து சேர்கிறது. 'ஃப்ளோரைடு விஷம், பேஸ்ட்டைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்' என்று ஒரு செய்தி. காவிரித் தண்ணீர் குடிக்கிற தஞ்சாவூர்க்காரர் அதைப் படித்துவிட்டு பேஸ்ட்டை எறிகிறார். ஆறு மாதத்தில் பேரனுக்குச் சொத்தைப் பல்! பாலக்கோட்டில் போர் தண்ணீர் குடிக்கிறவரோ, 'ஃப்ளோரைடு பல்லுக்கு நல்லதுன்னு டி.வி.யிலேயே சொல்றாங்களே' என்று சும்மா இருந்துவிடுகிறார். பயப்பட வேண்டாதவர் பயப்படுகிறார், பயப்பட வேண்டியவர் தூங்குகிறார்.

ஆகவே, 'ஃப்ளோரைடு நல்லதா, கெட்டதா?' என்று கேட்காதீர்கள். 'என் வீட்டுத் தண்ணீரில் எவ்வளவு?' என்று கேளுங்கள். உப்பு நல்லதா கெட்டதா என்று கேட்டால் என்ன சொல்வோம்? அளவைத்தானே கேட்போம்!

அளவு என்ன?

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம். கவனியுங்கள்... வேறு வழியே இல்லாத இடத்தில்! ஆனால், 'ஒண்ணரைக்குள்ளதானே சார் இருக்கு, சேஃப்தான்' என்று சொல்லி ஃபைலை மூடிவிடுகிறவர்கள் உண்டு.

எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் நாளைக்கு இரண்டு லிட்டர் குடிக்கிறார். தண்ணீரில் ஃப்ளோரைடு 1.5 என்றால், உள்ளே போவது 3 மில்லிகிராம். சித்திரை வெயிலில் களையெடுக்கிற அம்மா ஐந்து லிட்டர் குடிக்கிறார். அவருக்கு 7.5 மில்லிகிராம்! அதே குழாய், அதே தண்ணீர்தான். இதற்கு மேல் சோறு, களி, குழம்பு, டீ எல்லாம் அந்தத் தண்ணீரில்தானே வேகிறது? உழைக்கிறவருக்கே தண்டனை அதிகம். இந்த ஒரு காரணத்துக்காகவே, நம் ஊருக்கு 1 மில்லிகிராம்தான் இலக்காக இருக்க வேண்டும். 1.5-ஐ 'பாஸ் மார்க்' என்று நினைப்பதை விட்டுவிட வேண்டும்.

குழாய் வந்தால் போதுமா?

நல்லது நடந்திருக்கிறது. சொல்லாமல் விட்டால் பாவம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஃப்ளோரோசிஸ் தடுப்புத் திட்டம் 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் நிதியுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாய்த் திட்டம். 2013-ல் தண்ணீர் வர ஆரம்பித்தது. ஒரு நோயின் பெயரையே தன் பெயரில் வைத்திருக்கிற குடிநீர்த் திட்டம் இது! காவிரித் தண்ணீர் வந்த பிறகு பிறந்து, அதையே குடித்து வளர்ந்த பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்க்கும்போது, வெள்ளை வெளேர் என்ற பல்லைக் கண்டு எனக்கு ஏற்படும் சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால்... நான் போன ஒரு கிராமத்தில் மேல்நிலைத் தொட்டியில் இரண்டு குழாய்கள் வந்து விழுந்தன. ஒன்று ஆற்றுத் தண்ணீர். இன்னொன்று போர் தண்ணீர். இரண்டும் ஒரே தொட்டியில்!

தொட்டியைப் பார்த்துக்கொள்கிற பெரியவரிடம், "என்னங்க ஐயா இது?" என்றேன்.

"ஆத்துத் தண்ணி பத்தறதில்லைங்க சார். கோடையில மூணு நாளைக்கு ஒருக்கா வருது. ஜனங்க கொடத்தைத் தூக்கிட்டு வந்து நிக்கறாங்க. போரையும் சேத்து விட்டாத்தான் ஊரு பூராக்கும் எட்டும். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

அவரைக் கோபித்து என்ன பயன்? நியாயமாகத்தான் பேசுகிறார். குளிக்க, துணி துவைக்க, மாட்டுக்குக் காட்ட என்று ஊருக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். ஆனால் குடிக்கவும் சமைக்கவும் ஒரு வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்? நாலைந்து குடம் தாராளம்! அந்த நாலைந்து குடம் சுத்தமாக இருந்தால் போதும். மீதிக்கு எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன?

அதனால்தான் சொல்கிறேன். இரண்டையும் ஒரே தொட்டியில் கலப்பதை நிறுத்த வேண்டும். ஆற்றுத் தண்ணீருக்குத் தனித் தொட்டி, தனிக் குழாய். குறைவாக வந்தாலும் பரவாயில்லை, குடிப்பதற்கு மட்டும். போர் தண்ணீருக்கு வேறு தொட்டி. அந்தக் குழாய்க்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, 'குடிக்க, சமைக்க அல்ல' என்று எழுதி வையுங்கள். கோடிகள் செலவழித்துக் கொண்டு வந்த நல்ல தண்ணீரில், கடைசி இருபது அடியில் போர் தண்ணீரைக் கலப்பது, பால் குடத்தில் மோரை ஊற்றுகிற கதைதான்.

'செலவாகுமே' என்பார்கள். ஆகும்தான். ஒரு தொட்டி, கொஞ்சம் குழாய். முதுகு வளைந்த மனிதரை மறுபடி நிமிர்த்த எந்த ஆஸ்பத்திரியாலும் முடியாது. அதை நினைத்துப் பார்த்தால் இது ஒரு செலவா?

அங்கன்வாடிதான் முதல்!

இன்னொரு விஷயத்திலும் நம் வரிசை தப்பாக இருக்கிறது. சுத்திகரிப்பு இயந்திரம் நன்கொடையாக வந்தால் எங்கே வைக்கிறார்கள்? உயர்நிலைப் பள்ளியில்! ஃபோட்டோ எடுத்துக்கொள்ள இடம் வசதியாக இருக்குமே! நான் குறை சொல்லவில்லை, அந்தப் பிள்ளைகளின் எலும்புக்கும் நல்ல தண்ணீர் வேண்டியதுதான். ஆனால் பல் காத்திருக்காதே! ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு நல்ல தண்ணீர் கொடுத்தால், பல்லில் ஏற்கெனவே விழுந்த கறை போகாது. ஒன்றாம் வகுப்புக்கு வரும்போதே முன்பற்கள் ஈறுக்குள் உருவாகி முடிந்திருக்கும். ஆகவே, நல்ல தண்ணீர் முதலில் போக வேண்டிய இடம் அங்கன்வாடி. அடுத்து தொடக்கப் பள்ளி. சத்துணவு வேகிற பானைக்கும் அதே தண்ணீர்தான்.

தாய்மார்களுக்கு ஒரு நல்ல சேதி. தாய் குடிக்கிற தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருந்தாலும், தாய்ப்பாலில் அது மிகக் குறைவாகத்தான் சேரும். இயற்கை போட்ட வடிகட்டி! ஆனால் அந்தத் தண்ணீரில் பவுடர் பால் கலக்கிக் கொடுத்தால், அத்தனையும் குழந்தைக்குத்தான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று டாக்டர்கள் சொல்வதற்கு, நம் பகுதியில் இது இன்னொரு காரணம்.

ஒரு வருஷம் திட்டம் தாமதமானால், 'அடுத்த வருஷம் வந்துவிடும்' என்று நமக்குத் தோன்றும். குழந்தைக்கு அந்த வருஷம் திரும்ப வராது. ஒவ்வொரு வருஷத் தாமதமும் ஒரு வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு வளர வழி செய்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள், 'பொண்ணு லட்சணம்தான், ஆனா பல்லு...' என்று இழுத்துவிட்டுப் போன வீடுகள் எனக்குத் தெரியும். போர்வெல் செய்த குற்றத்துக்குப் பெண்ணுக்குத் தண்டனையா?

வீட்டில் செய்யக்கூடாததும், செய்யக்கூடியதும்

காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட, மிச்சத்தில் கூடத்தான் செய்யும். கிருமிக்காகக் காய்ச்சுங்கள், ஆனால் இதற்கு அது மருந்தல்ல. மெழுகுவர்த்தி மாதிரி இருக்கும் 'கேண்டில்' ஃபில்டர், புற ஊதாக்கதிர் ஃபில்டர் இரண்டும் ஃப்ளோரைடை ஒன்றும் செய்யாது.

ஆர்.ஓ. எடுக்கும். ஆனால் சுண்ணாம்புச் சத்தையும் சேர்த்தே எடுத்துவிடும், தண்ணீரையும் நிறைய வீணாக்கும். நல்ல தண்ணீருக்கு வேறு வழியில்லாத வீட்டுக்குத்தான் அது. கேன் தண்ணீர் வாங்குகிறவர்கள், 'ஃப்ளோரைடு ரிப்போர்ட் இருக்கா?' என்று கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

நாக்பூர் 'நீரி' நிறுவனம் 1970-களில் கண்டுபிடித்த 'நல்கொண்டா முறை' ஒன்று இருக்கிறது. படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் சேர்த்துக் கலக்கித் தெளியவைப்பது. அளவு தெரியாமல் குத்துமதிப்பாகப் படிகாரத்தைப் போட்டால், தண்ணீரில் அலுமினியம் தங்கிவிடும். தண்ணீரைச் சோதித்து, தெரிந்தவர் அளவு சொன்னால் மட்டுமே செய்யுங்கள். 'ஆக்டிவேட்டட் அலுமினா' ஃபில்டரும் நல்லதுதான். ஆனால் அது நிறைந்துவிட்டால் வேலை செய்யாது. நிறைந்ததை நாக்கு சொல்லாது, சோதனைதான் சொல்லும்.

எல்லாவற்றையும்விட எளிது, மேலே இருந்து விழுகிறது! மழைநீரில் ஃப்ளோரைடு அநேகமாக இல்லை. முதல் மழையை ஓடவிட்டு, அடுத்ததைச் சுத்தமான கூரையிலிருந்து தொட்டியில் பிடித்து, கொசு புகாமல் மூடிவைத்து, காய்ச்சிக் குடிக்கலாம். ஊர் ஏரியைத் தூர் வாரினால் நிலத்தடி நீரும் நாளடைவில் தெளியும்.

சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் ஃப்ளோரைடு உடம்பில் ஒட்டுவது குறையும். பால், மோர், முருங்கைக்கீரை... அப்புறம் கேழ்வரகு! தருமபுரிச் சீமையின் சொந்தத் தானியம் கேழ்வரகு. பாட்டி கிண்டிய களியை விட்டுவிட்டு, மூன்று வேளையும் வெள்ளைச் சோற்றுக்கு மாறிவிட்டோம். 2023-ல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்ததை நான் இரு கை நீட்டி வரவேற்கிறேன். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சையும் சேருங்கள். புளி சாப்பிட்ட பிள்ளைகளுக்குச் சிறுநீரில் ஃப்ளோரைடு கூடுதலாக வெளியேறியதாக 2002-ல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. அதற்காகப் புளியைக் கரைத்துக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நம் ரசம், குழம்பு போதும். கட்டன் டீயையும் கறுப்பு உப்பையும் குறையுங்கள், இரண்டிலும் ஃப்ளோரைடு உண்டு.

பேஸ்ட் விஷயம். ஃப்ளோரைடு குறைந்த ஊரில் ஃப்ளோரைடு பேஸ்ட் நல்லது, தைரியமாகப் பயன்படுத்துங்கள். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பட்டாணி அளவு, அதற்குக் கீழே அரிசி அளவு. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் முழுக்கப் பிதுக்காதீர்கள். துப்பத் தெரியாத பிள்ளை விழுங்கிவிடும். தண்ணீரிலேயே ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊரில், சின்னப் பிள்ளைகளுக்கு எந்தப் பேஸ்ட் என்று பல் டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

பெரியவர்களுக்கு மூன்று சின்னச் சோதனை. முழங்காலை மடக்காமல் குனிந்து கால் கட்டைவிரலைத் தொடுங்கள். மோவாயால் நெஞ்சைத் தொடுங்கள். கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, மடக்கிப் பின்னந்தலையைத் தொடுங்கள். முடியவில்லை என்றால் ஃப்ளோரைடுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் டாக்டரிடம் போகும்போது, 'எங்க ஊர் போர் தண்ணிங்க' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை

எலும்பில் ஏறிவிட்ட ஃப்ளோரைடை ஓரிரு மாதத்தில் கரைத்துவிடும் மருந்து எதுவும் இல்லை. பல் கறையை மறைக்கப் பூச்சு, உறை எல்லாம் உண்டு, ஆனால் அதற்குக் காசு வேண்டும். வராமல் தடுப்பதுதான் வழி. அதற்கு முதல் படி, அளவு தெரிந்துகொள்வது.

இந்த வாரமே ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலைச் சோப்பில்லாமல் நன்றாகக் கழுவுங்கள். நீங்கள் குடிக்கிற குழாயைச் சில நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, நிரப்பி மூடுங்கள். எந்த ஊர், எந்தக் குழாய், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டி, மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிக் கொடுங்கள். முடிவு வந்ததும் ஃப்ளோரைடு என்ற வரியைப் பாருங்கள். 1-க்கு மேல் என்றால், அந்தக் காகிதத்தோடு கிராமசபைக்குப் போங்கள். 'ஆத்துத் தண்ணிக்குத் தனித் தொட்டி எப்போ?' என்று கேளுங்கள். 'அங்கன்வாடியில எந்தத் தண்ணி?' என்று கேளுங்கள். வெறும் வாயால் கேட்டால் 'பாக்கலாம்' என்பார்கள். கையில் அளவு எழுதிய காகிதம் இருந்தால், பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் கிளம்புவதற்கு முன், பிள்ளைகள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். "உங்க பல்லு அழுக்கு இல்லை. தண்ணியில இருக்கற ஒரு உப்பு பண்ணின வேலை இது. யாரும் யாரையும் கேலி பண்ணக்கூடாது. செங்கல் பொடி போட்டுத் தேய்க்கக்கூடாது, என்ன?"

ஆசிரியர் என்னை ஓரமாக அழைத்துப்போய், தயங்கித் தயங்கிச் சொன்னார். "இத்தனை நாளா இதுங்களைத் திட்டிட்டேனே சார்... எனக்குத் தெரியலைங்க."

தெரியாததுதான் நம் பகுதியின் பாதி நோய். உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்!